வளரும் பிள்ளைகளும் நம் ஷுக்ரும் (நன்றியும்): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் மஹல்லாவின் மக்தபில் (பிள்ளைகள் குர்ஆன் ஓதப் படிக்கும் இடம்) பெற்றோர் கூட்டம் முடிந்ததும் நாலைந்து பேர் வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்போம். கூட்டத்தில் கேட்கக் கூச்சப்பட்ட கேள்விகள் அங்கேதான் வரும். அதிகம் வந்தவற்றை எடுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை. கல்லூரிக்குப் போகும் ஒரு மகனுக்கும் ஒன்பதாவது படிக்கும் ஒரு மகளுக்கும் அத்தா, அவ்வளவுதான். மார்க்கச் சட்டமாகத் தெரிய வேண்டியதை உங்கள் ஊர் ஹஜ்ரத்திடம் (பள்ளிவாசல் இமாமிடம்) கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தை பிறந்தபோதே அகீகா (பிறப்புக்கு நன்றியாக ஆடு அறுப்பது) கொடுத்துவிட்டோம். வளர்ந்த பிள்ளைக்காக நன்றி செலுத்தவும் ஏதாவது இருக்கிறதா?

நல்ல கேள்வி. நம் வீடுகளில் சின்ன வயதுக்குத்தான் எல்லாச் சடங்கும். ஏழாம் நாள் முடியிறக்கி, அதன் எடைக்கு வெள்ளி கணக்குப் பார்த்து ஸதக்கா (தானம்), ஆண் என்றால் இரண்டு ஆடு, பெண் என்றால் ஒன்று. அப்புறம் ஓத வைக்கும் நாள், பையனுக்கு சுன்னத், குர்ஆன் முடித்தால் ஊருக்கெல்லாம் இனிப்பு. அதற்குப் பிறகு நிக்காஹ் வரை ஒன்றும் கிடையாது. பன்னிரண்டு வயதிலிருந்து இருபது வரை, பிள்ளை நம்மோடு அதிகம் மோதும் அந்தக் காலத்துக்கு, ஒரு இனிப்புப் பொட்டலம்கூட இல்லை.

அந்த இடைவெளிக்கு குர்ஆனில் ஒரு துஆ (பிரார்த்தனை) இருக்கிறது. அல்அஹ்காஃப் சூரா, 15ஆவது வசனம். தாய் சிரமத்தோடு சுமந்ததையும், சுமந்து பால்குடி மறக்கும் வரை முப்பது மாதம் ஆனதையும் சொல்லிவிட்டு, மனிதன் நாற்பது வயதை அடையும்போது இப்படிக் கேட்கிறான் என்று வருகிறது:

«ரப்பி அவ்ஸிஃனீ அன் அஷ்குர நிஃமதகல்லதீ அன்அம்த அலைய்ய வஅலா வாலிதய்ய, வஅன் அஃமல ஸாலிஹன் தர்ளாஹு, வஅஸ்லிஹ் லீ ஃபீ துர்ரிய்யத்தீ.»

என் மீதும் என் பெற்றோர் மீதும் நீ பொழிந்த அருளுக்கு நான் நன்றி செலுத்தவும், உனக்குப் பிடித்த நல்லதைச் செய்யவும் எனக்கு உதவு. என் சந்ததியை எனக்காகச் சீராக்கு என்பது கருத்து.

நாற்பது வயதில் பெரும்பாலானவர்களின் நிலை என்ன? மேலே வயதான அத்தா அம்மா, கீழே தலைக்கு மேல் வளர்ந்துவிட்ட பிள்ளை. இரண்டு பக்கமும் அந்த ஒரே துஆவில் அடங்கிவிடுகிறது. அதில் உள்ள வரிசையையும் பாருங்கள். முதலில் நன்றி, இரண்டாவது நான் நல்லது செய்ய வேண்டும் என்ற கோரிக்கை, பிள்ளையைச் சீராக்குவது மூன்றாவதாகத்தான் வருகிறது. நாம் துஆவுக்குக் கையேந்தினால் நேராக மூன்றாவதில்தான் போய் நிற்போம். «யா அல்லாஹ், இவனுக்குப் புத்தியைக் கொடு!»

அல்லாஹ்விடம் சொன்னால் போதாதா? «நீ கிடைத்தது எனக்குச் சந்தோஷம்» என்று பிள்ளையிடமே சொன்னால் தலைக்கேறிவிடாதா?

ஏறாது. எங்கள் தலைமுறைக்கு வந்த பெரிய கஞ்சத்தனம் இதுதான் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்தவரிடம் «என் பையன் மாதிரி வராது» என்போம். பையன் அறைக்குள் வந்ததும் «ஏன்டா, முடி வெட்ட எப்பப் போகப்போறே?» என்று ஆரம்பிப்போம். பாராட்டு முழுக்க ஊருக்கு, பிள்ளைக்கு மிஞ்சுவது குறை மட்டும்.

நபி (ஸல்) அவர்கள் பேரர் ஹஸனை முத்தமிட்டபோது பனூ தமீம் குலத் தலைவர் அக்ரஃ இப்னு ஹாபிஸ் பக்கத்தில் இருந்தார். எனக்குப் பத்துப் பிள்ளைகள், ஒருவரையும் நான் முத்தமிட்டதில்லை என்றார். அவரைப் பார்த்து நபியவர்கள் சொன்னது: இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது. புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் (நபிமொழி) நூல்களிலும் இருக்கிறது. அக்ரஃ கெட்ட அத்தா என்று அதில் எங்கும் இல்லை. பத்துப் பேருக்கும் சோறு போட்டிருப்பார், சண்டை வந்தால் முன்னால் நின்றிருப்பார். நம் ஊரிலும் அப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அன்பு மலைபோல் இருக்கும், வாயில் வராது.

எப்படிச் சொல்வது என்றால், சாதாரணமாகச் சொல்லுங்கள். «அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தப்போ நீ ரசம் வச்சுக் கொடுத்தியே, உனக்காக துஆ செஞ்சேன்» என்று நடந்ததைச் சொன்னாலே போதும். பொத்தாம்பொதுவாக «நீ நல்ல பிள்ளை» என்பதை அந்த வயதில் அவர்கள் நம்புவதில்லை. தான் செய்ததை ஒருவர் கவனித்திருக்கிறார் என்றால் நம்புவார்கள்.

பையனுக்கு மீசை அரும்பிவிட்டது. பக்கத்தில் போனாலே விலகுகிறான். எப்படி அன்பு காட்டுவது?

அவன் விலகுவது இயற்கை. நாமும் சேர்ந்து விலகிவிடுகிறோம், சிக்கல் அங்கேதான். குரல் உடைந்த அன்றிலிருந்து கொஞ்சல் எல்லாம் தங்கச்சிக்குப் போய்விடுகிறது, அவனுக்கு உத்தரவு மட்டும் மிஞ்சுகிறது.

அனஸ் (ரலி) அவர்களின் செய்தியை நாம் அடிக்கடி கேட்டிருப்போம்: பத்து வருடம் நபியவர்களுக்குப் பணிவிடை செய்தேன், ஒருநாளும் «சீ» என்றதில்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதில்லை. பயானில் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். அனஸின் வயதை யோசித்துப் பாருங்கள். நபியவர்கள் மதீனா வந்தபோது அவருக்குப் பத்து வயது. ஆக அந்தப் பத்து வருடம் என்பது பத்திலிருந்து இருபது வரை! பையன்கள் நம்மைப் படுத்தி எடுக்கும் அதே வயது.

அனஸும் ஒன்றும் சொன்னதைக் கேட்டு உடனே ஓடும் பிள்ளையாக இருக்கவில்லை. முஸ்லிமில் அவரே சொல்கிறார். ஒருநாள் நபியவர்கள் ஒரு வேலையாக அனுப்ப, «அல்லாஹ் மீது ஆணையாகப் போக மாட்டேன்» என்றுவிட்டார். மனதுக்குள் போக வேண்டும் என்றுதான் இருந்தது. கிளம்பிப் போனவர் கடைத்தெருவில் பையன்கள் விளையாடுவதைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பிடித்தார்கள். திரும்பினால் நபியவர்கள், சிரித்துக்கொண்டு. «உனைஸ், சொன்ன இடத்துக்குப் போனாயா?» அனஸ் என்ற பெயரைச் செல்லமாகக் குறுக்கிக் கூப்பிடுகிறார்கள். «இதோ போகிறேன் யா ரசூலல்லாஹ்» என்றார் இவர்.

பிடரியில் ஒரு கை, செல்லப்பெயர், சிரிப்பு. வேலையும் நடந்துவிட்டது. பால் வாங்கப் போன பையன் தெருமுனையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு நிற்கும்போது இதில் பாதியாவது நமக்கு வந்தால் நல்லது. முத்தம்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அவனை ஓட்டச் சொல்லுங்கள் (லைசென்ஸ் வந்த பிறகு!). இரவு பரோட்டா கடைக்கு அவனை மட்டும் தனியாகக் கூட்டிப் போங்கள். முகத்துக்கு முகம் பார்க்காமல் பக்கத்தில் இருந்தால் இந்த வயதுப் பையன்கள் பேசுவார்கள்.

மகளிடம்? அவளும் பெரியவளாகிவிட்டாள்.

ஃபாத்திமா (ரலி) வீட்டுக்கு வந்தால் நபியவர்கள் எழுந்து போய், கையைப் பிடித்து, முத்தமிட்டு, தாம் அமர்ந்திருந்த இடத்தில் அமர்த்துவார்கள். அபூதாவூத், திர்மிதி என்ற ஹதீஸ் நூல்களில் வருகிறது. நம் வீட்டில் அத்தா வந்தால் மகள் எழுந்திருப்பாள், அங்கே மகள் வந்தால் அத்தா எழுந்திருக்கிறார்கள்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) வீட்டு வாசலில் இரண்டு பெண் பிள்ளைகளோடு ஓர் ஏழைத் தாய் வந்து நின்றாள். மூன்று பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒன்றாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு மூன்றாவதை வாய்க்குக் கொண்டுபோனாள். பிள்ளைகள் அதையும் கேட்டார்கள். அதை இரண்டாகப் பிட்டு இருவருக்கும் கொடுத்துவிட்டாள். ஆயிஷா அதில் வியந்துபோய் நபியவர்களிடம் சொல்ல, அதற்காகவே அவளுக்கு அல்லாஹ் சொர்க்கத்தை விதித்துவிட்டான் என்றார்கள். மீன் குழம்பில் நடுத்துண்டைப் பிள்ளை தட்டில் வைத்துவிட்டு வாலை எடுத்துக்கொள்ளும் எல்லா அம்மாக்களுக்கும் இந்தச் செய்தி சேர வேண்டும்.

«அடுத்தது பையனாகப் பிறக்கட்டும்» என்று பெண் குழந்தையைப் பார்க்க வந்த இடத்தில் துஆ செய்பவர்களுக்கு ஒன்று. அஷ்ஷூரா சூராவின் 49ஆவது வசனம், தான் நாடியவர்களுக்குப் பெண் மக்களைக் கொடுக்கிறான் என்று முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் ஆண் மக்களைச் சொல்கிறது.

ஷுக்ர் எல்லாம் சரி. கோபம் வந்தால் வாயில் என்னென்னவோ வந்துவிடுகிறதே?

வரும். எல்லார் வீட்டிலும் வருகிறது. ஒன்றே ஒன்றை மட்டும் கறாராக நிறுத்திவிடுங்கள்: சாபம். «நாசமாப் போ», «நீ உருப்பட மாட்டே» இரண்டும் வேண்டாம். உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் எதிராக துஆ செய்யாதீர்கள், அது ஏற்கப்படும் நேரமாக அமைந்துவிடலாம் என்று முஸ்லிமில் உள்ள ஹதீஸ் எச்சரிக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா கோபத்தின் உச்சத்தில் «உன்னை அல்லாஹ் ஹாஜியாராக்க!» என்று கத்துவார். பிள்ளைகள் சிரித்துவிடும், அத்தோடு சண்டையும் முடிந்துவிடும்.

படிப்பு வரவில்லை. மற்றப் பிள்ளைகள் மருத்துவம், பொறியியல் என்று போகும்போது என்னவென்று நன்றி சொல்வது?

பிளஸ் டூ முடிவு வரும் வாரத்தில் இந்தக் கேள்வி அதிகம் வரும். ஸ்டேட்டஸ் முழுக்க மதிப்பெண் பட்டியல், கீழே மாஷா அல்லாஹ் வரிசை. முந்நூற்றுச் சொச்சம் வாங்கிய பிள்ளையின் அத்தா போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

ரமலானில் அஸர் (மாலைத் தொழுகை) முடிந்த பிறகு பள்ளிவாசல் பக்கம் வந்து பாருங்கள். லுஹரிலிருந்து (நண்பகல் தொழுகையிலிருந்து) அண்டாவில் கொதித்த நோன்புக் கஞ்சி இறக்கியிருக்கும். தூக்குச் சட்டியோடு தெருவே வரிசையில் நிற்கும், எல்லா மதத்துக்காரர்களும் இருப்பார்கள். ஊற்றிக் கொடுக்கும் பையன்களில் ஒருவன் எங்களுக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளை, கணக்கில் இரண்டு முறை போனவன். தூக்கை வாங்கும்போதே «நன்னி (பாட்டி), உங்க வீட்டுல எத்தனை பேர்?» என்று கேட்பான். ஐந்து பேர் என்றால் அகப்பை ஒன்று கூடும். தனியாக இருக்கும் கிழவிக்கு மூடியை அழுத்திப் போட்டு, வாளியில் வைத்து, படி இறங்கும் வரை கூடவே போவான். நோன்பு வைத்த வயிற்றோடு, அந்தச் சூட்டில், முகம் சுளிக்காமல். இதற்கு எந்த போர்டும் மதிப்பெண் போடாது. அவனுடைய அத்தாவிடம் நான் சொன்னது இதுதான்: அவன் கஞ்சி ஊற்றும் நேரத்தில் ஒருநாள் தூரத்தில் நின்று பாருங்கள்.

படிப்பையும் விட்டுவிட வேண்டியதில்லை. ஐடிஐ இருக்கிறது, பாலிடெக்னிக் இருக்கிறது, துணைத்தேர்வு இருக்கிறது. ஆனால் நன்றியை மதிப்பெண் வரும் வரைக்கும் நிறுத்திவைக்காதீர்கள். நன்றி செலுத்தினால் அதிகப்படுத்துவேன் என்று இப்ராஹீம் சூராவில் அல்லாஹ் சொல்லும் வாக்கில் நன்றிதான் முதலில் வருகிறது.

நான் சபுராளி (வெளிநாட்டில் வேலை பார்ப்பவன்). இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் ஊர். போனில் பேசினால் «ம்», «சரி அத்தா» என்பதற்கு மேல் பிள்ளை பேசுவதில்லை.

டெல்டா பக்கம் பாதி வீட்டுக் கதை இது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு வீடு கட்டிக் கொடுத்த தலைமுறை, பிள்ளை வளர்ந்ததை வீடியோ காலில் பார்த்தது.

«சாப்பிட்டியா, தொழுதியா, படிச்சியா» என்ற மூன்று கேள்வியோடு நிறுத்தாதீர்கள். அதற்கு «ம்» தான் வரும். உங்கள் பக்கத்துச் செய்தியைச் சொல்லுங்கள். இன்று ரூமில் யார் சமைத்தது, குழம்பில் உப்பு ஏறியது, சைட்டில் என்ன வேலை நடக்கிறது. அத்தா எப்படி வாழ்கிறார் என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. அட்டைப்பெட்டியில் வரும் டாங்கும் தைலமும்தான் அத்தா. இன்னொரு யோசனை: இருவரும் ஒரே சூராவை மனப்பாடம் செய்யுங்கள், வெள்ளிக்கிழமை ஒருவருக்கொருவர் ஓதிக்காட்டுங்கள். நீங்கள் தடுமாறும் இடத்தில் பிள்ளை திருத்தும்போது அதன் முகத்தைப் பாருங்கள்.

மூத்தவன் மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம். தவறா?

மனம் நம் கையில் இல்லை, கை நம் கையில் இருக்கிறது. நுஃமான் இப்னு பஷீரின் அத்தா அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்புக் கொடுத்துவிட்டு நபியவர்களைச் சாட்சியாக்க வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தாயா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அல்லாஹ்வுக்கு அஞ்சிப் பிள்ளைகளிடையே நீதமாக நடங்கள் என்றார்கள். அவர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பெருநாள் காசிலிருந்து போன் வாங்கிக் கொடுப்பது வரை இதே கணக்குதான்.

பிள்ளைகளின் படத்தைப் போட்டால் கண்ணேறு படுமா?

கண்ணேறு உண்மை என்பது ஹதீஸில் இருக்கிறது. அதற்காகப் பயந்து நடுங்கவும் வேண்டாம், கறுப்புக் கயிறும் வேண்டாம். ஹஸன், ஹுஸைன் இருவருக்கும் நபியவர்கள் ஓதிய பாதுகாப்பு துஆ புகாரியில் இருக்கிறது. இப்ராஹீம் (அலை) தம் மக்கள் இஸ்மாயீலுக்கும் இஸ்ஹாக்குக்கும் ஓதியதும் இதுவே என்றார்கள்: «அஊது பிகலிமாதில்லாஹித் தாம்மத்தி மின் குல்லி ஷைத்தானின் வஹாம்மத்தின் வமின் குல்லி அய்னின் லாம்மத்தின்.» தூங்கும் பிள்ளையின் தலையில் கை வைத்து ஓதுங்கள். எத்தனை வளர்ந்த பிள்ளையும் தூக்கத்தில் விலகாது.

படத்தைப் பொறுத்தவரை என் கருத்து வேறு. பதினாலு வயதுப் பிள்ளையின் படத்தை அதைக் கேட்காமல் குடும்பக் குரூப்பில் போடாதீர்கள். கண்ணேறு படுகிறதோ இல்லையோ, பிள்ளைக்கு வெட்கமாக இருக்கும்.

சுபுஹுக்கு (அதிகாலைத் தொழுகைக்கு) எழுப்புவதே தினம் ஒரு போராட்டம். அன்பு காட்டினால் எழுந்திருப்பார்களா?

தினமும் எழுந்திருப்பார்கள் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது! ஆனால் தொழுகையை அவர்கள் எந்தக் குரலோடு சேர்த்து நினைவு வைத்துக்கொள்வார்கள் என்பது நம்மிடம் இருக்கிறது. உமாமா என்ற பேத்தியைத் தோளில் சுமந்துகொண்டே நபியவர்கள் தொழுவித்திருக்கிறார்கள். ஸுஜூது (நெற்றியைத் தரையில் வைப்பது) செய்யும்போது இறக்கி வைப்பார்கள், எழும்போது தூக்கிக்கொள்வார்கள். குழந்தை அழும் சத்தம் கேட்டால், தாய் படும் பாட்டை நினைத்துத் தொழுகையைச் சுருக்கியிருக்கிறார்கள்.

2020 ரமலான் ஞாபகம் இருக்கும். ஊரடங்கில் பள்ளிவாசல்கள் மூடியிருந்தன, தராவீஹ் (ரமலான் இரவுத் தொழுகை) வீட்டுக்கூடத்தில். ஹாஃபிழ் (குர்ஆனை முழுக்க மனப்பாடம் செய்தவர்) இல்லாத வீடுகளில் தெரிந்த சின்னச் சூராக்களை வைத்துத் தொழுதோம். எங்கள் கூடத்தில் நான் அல்ஃபீல் சூராவில் ஒரு இடத்தில் நிற்க, பின்னாலிருந்து சன்னமாக ஒரு குரல் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தது. மகனுடையது. ஸலாம் கொடுத்த பிறகு அவன் ஒன்றும் நடக்காததுபோல் பாயைச் சரிசெய்துகொண்டிருந்தான். மக்தபுக்குக் கட்டிய மாதக் கட்டணம் எல்லாம் அந்த ஒரு சொல்லில் திரும்பி வந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது நடந்திருக்கும். எழுப்பும்போது அதை நினைத்துக்கொண்டு எழுப்புங்கள், குரல் தானாக இறங்கும்.

பிள்ளை வெளியூர் விடுதிக்குக் கிளம்புகிறது. மனது தாங்கவில்லை. இது நம்பிக்கைக் குறைவா?

இல்லை. யஃகூப் (அலை) ஒரு நபி. யூசுஃபைப் பிரிந்த துக்கத்தில் அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்று குர்ஆனே சொல்கிறது. மற்ற மக்களை மிஸ்ருக்கு (எகிப்துக்கு) அனுப்பும்போது, எல்லாரும் ஒரே வாசல் வழியாக நுழையாதீர்கள், வெவ்வேறு வாசல் வழியாகப் போங்கள் என்றார்கள். அந்த மக்கள் வளர்ந்த ஆம்பிளைகள், ஒட்டகம் ஓட்டிப் பாலைவனம் கடப்பவர்கள். அவர்களுக்கும் எந்த வாசல் என்று சொல்லி அனுப்புகிறது பெற்ற மனது. கூடவே, அல்லாஹ்வின் விதியிலிருந்து எதையும் நான் தடுத்துவிட முடியாது என்றும் சொல்லிவிடுகிறார்கள்.

நாமும் அதைத்தான் செய்கிறோம். மகனை மன்னை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டபோது, பர்ஸை எந்தப் பையில் வைக்க வேண்டும், கீழ்ப் படுக்கைக்காரர் கேட்டால் மாற்றிக்கொள்ளலாமா, எழும்பூரில் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று நான் சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் «சரி அத்தா» என்றான். பயணம் அனுப்பும்போது ஓதும் துஆவைக் கற்றுக்கொள்ளுங்கள்: «அஸ்தவ்திஉல்லாஹ தீனக வஅமானதக வகவாதீம அமலிக.» உன் மார்க்கத்தையும் அமானிதத்தையும் உன் செயல்களின் முடிவையும் அல்லாஹ்விடம் ஒப்படைக்கிறேன் என்று பொருள். மகள் என்றால் «தீனகி, அமானதகி, அமலிகி».

நல்ல செய்தி வந்தால் உடனே ஸுஜூது செய்யலாமா?

நபியவர்களுக்கு மகிழ்ச்சியான செய்தி வந்தால் ஸுஜூதில் விழுவார்கள் என்று அபூதாவூதில் இருக்கிறது. வுளு (அங்கசுத்தி), கிப்லா (தொழும் திசை) போன்ற விவரங்களை உங்கள் மத்ஹபுப்படி (சட்டப் பிரிவின்படி) ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரபி துஆக்கள் நாக்கில் வரவில்லை. தமிழில் கேட்கலாமா?

தாராளமாக. தொழுகைக்கு வெளியே எந்த மொழியிலும் கேட்கலாம். பிள்ளையின் பெயரைச் சொல்லியே கேளுங்கள், அது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் காதில் விழும்படியே கேளுங்கள். பரீட்சை, வேலை, கல்யாணம் மட்டும் வேண்டாம், இன்று அது செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லி «இதுக்கு உனக்கு நன்றி யா ரப்பே» என்று சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் மஃரிபுக்குப் பிறகு இது நடக்கும். என் மகள் இப்போது என் துஆவில் தன் பெயர் முதலில் வந்ததா, அண்ணன் பெயர் முதலில் வந்ததா என்று கணக்குப் பார்க்கிறாள். நுஃமானின் ஹதீஸ் அவளுக்கும் தெரிந்துவிட்டது.